கைமாற்றாகக் கொடுத்ததைக் கேட்டு வாங்குங்கள்

பிள்ளைகளே, 2020 மார்ச்சில் உங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தீர்கள். பரீட்சை எழுதாமலே பாஸ் ஆனதும், அம்மாவின் செல்போனில் பாடம் கேட்டதும், மொட்டை மாடியிலேயே பொழுதைக் கழித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதங்களில் பெரியவர்கள் என்னென்னவற்றை விட்டுக்கொடுத்தோம், அவற்றில் எது திரும்பி வந்தது, எது இன்னும் வரவில்லை என்பதை யாரும் உங்களை உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் அவசரத்துக்குக் கைமாற்று வாங்குவது சகஜம். அதற்குப் பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. ஆனால் திருப்பித் தந்தாக வேண்டும். கொடுத்தவர் கேட்கத் தயங்கினால் வாங்கியவர் மறந்துபோவார். கொஞ்ச நாள் போனால் அது யாருடைய பணம் என்பதே இரண்டு பேருக்கும் மங்கிவிடும். கொரோனா காலத்தில் நாம் அரசுக்கும், குடியிருப்புச் சங்கத்துக்கும், கடைக்காரருக்கும், ஒருவருக்கொருவரும் கொடுத்தவை இந்தக் கணக்கில்தான் சேரும். பெயர், முகவரி, செல் நம்பர், ஆதார் எண்ணைக் கொடுத்தோம். யார் வருகிறார், போகிறார் என்று நம் வாசலைப் பார்க்கும் அதிகாரத்தைக் கொடுத்தோம். கடற்கரையையும் பூங்காவையும் கோயிலையும் டீக்கடை பெஞ்சையும் கொடுத்தோம்.

கொடுத்தது சரி. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு போட்டார்கள். அன்று நள்ளிரவு முதல் நாடே அடங்கியது. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. தள்ளி நிற்பது ஒன்றுதான் கையில் இருந்த வழி. முதல் அலையின் தொடக்க மாதங்களில் ராயபுரம் மண்டலம்தான் சென்னையிலேயே அதிகமாக அடிபட்டது. நாங்கள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தோம். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத இரவு இல்லை. அந்த நேரத்தில் கேட்டதைக் கொடுத்தவர்கள் நல்லது செய்தார்கள். நான் பேச வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

காதில் விழுந்தது நம்முடையது ஆகாது

நான் டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்தவள். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அன்று எங்களிடம் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று கட்டணத்துக்குத் தக்க வரிசை உண்டு. குறிப்பிட்ட ஆள் வந்து பேசினால்தான் கால் என்றால் அது பி.பி. கால். காதில் ஹெட்செட், முன்னால் போர்டு, கையில் கார்டு. லைன் கிடைத்து இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்துவிட்டார்களா என்று ஒரு நொடி கேட்போம். உடனே விலகிவிட வேண்டும்.

அந்த ஒரு நொடியிலேயே எத்தனையோ காதில் விழும். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொன்னது, கடன்காரர் கெஞ்சியது, பிள்ளை பிறந்தது, தகப்பன் போனது எல்லாம் எங்களைத் தாண்டித்தான் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் சூப்பர்வைசர் அம்மா சொன்னது: "லைன்ல கேட்டது லைனோடயே போகணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது." சட்டமும் அதையே சொன்னது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டப்படி, தன் கையில் வரும் செய்தியை வெளியே சொல்லும் ஊழியருக்குச் சிறைத் தண்டனை இருந்தது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு டிக்கெட் எழுதுவோம்: எந்த நம்பர், எத்தனை மணி, எத்தனை நிமிஷம். அது பில் போடுவதற்கு. வேறு எதற்கும் அந்தச் சீட்டை யாரும் தொட மாட்டார்கள்.

அந்த வேலை எனக்குக் கற்றுக் கொடுத்தது இதுதான்: பிறருடைய விஷயம் நம் வழியாகப் போகலாம், அதனால் அது நமக்குச் சொந்தமாகிவிடாது. எதற்காகக் கொடுத்தார்களோ அதற்கு மட்டும் பயன்படுத்து, வேலை முடிந்ததும் விட்டுவிடு. அந்தரங்கம் என்றால் ஏதோ தப்புச் செய்கிறவர்கள் ஒளித்து வைப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். டிரங்க் லைனில் பேசியவர்களில் பெரும்பாலோர் எந்தத் தப்பும் செய்யாதவர்கள். தன் அழுகையை யார் கேட்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை மட்டும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

சலூன் நோட்டு

2020 ஜூன் மாதத் தொடக்கத்தில் சென்னையில் சலூன்களைத் திறக்க அனுமதி வந்தது. வருகிறவர்களின் பெயர், முகவரி, செல் நம்பர், ஆதார் எண் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்பது அரசு போட்ட நிபந்தனை. யாருக்காவது தொற்று வந்தால் அவருடன் இருந்தவர்களைத் தேடிப் பிடிக்க அது உதவும் என்பது காரணம், நியாயமான காரணமும்கூட.

எங்கள் வீட்டுக்குக் கீழேயே ஒரு சலூன். பேரனுக்கு முடி வெட்ட அனுப்பிவிட்டு நான் படியில் நின்றிருந்தேன். வாசலில் ஒரு ஸ்டூல், அதன்மேல் நீளமான கோடு போட்ட நோட்டு, சணல் கயிற்றில் கட்டிய பேனா. வருகிறவர் முந்தைய ஆள் எழுதிய வரிக்குக் கீழே தன் வரியை எழுதுவார். ஒரு பக்கத்தைப் புரட்டினால் தெருவில் பாதிப் பேருடைய ஆதார் எண்ணும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். எதிர் வீட்டுப் பெண் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து தன் நம்பரை எழுதிவிட்டுப் போனாள். நாலைந்து நாளில் ராத்திரி நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து அவளுக்கு மெசேஜ் வர ஆரம்பித்தது. "அந்த நோட்டைத் தவிர வேற எங்கயும் நான் நம்பர் கொடுக்கலை அத்தை" என்று என்னிடம் வந்து அழுதாள். வீட்டுக்காரரிடம் சொல்லப் பயம். நீ எதுக்கு அங்கே எழுதினாய் என்றுதான் முதலில் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

சலூன்காரர் நல்ல மனிதர். கேட்டதும் பதறிப்போனார். அன்றிலிருந்து தானே எழுதிக்கொண்டு நோட்டை டிராயரில் வைத்துப் பூட்டினார். மாதங்கள் கழித்து, யாரும் எழுதச் சொல்லாத நிலை வந்த பிறகு, மூன்று நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஒருத்தரும் வந்து பார்க்கலைம்மா. பழைய பேப்பர் கடையில போடவும் மனசு வரலை." அவரும் நானும் தாள் தாளாகக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊற வைத்துக் கூழாக்கினோம். அவருக்கு அப்படிச் செய்யச் சொல்லி எந்த உத்தரவும் வரவில்லை. எழுது என்று சொன்ன காகிதத்தில், எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், பிறகு என்ன செய்ய வேண்டும் என்று கடைக்காரருக்குப் புரியும்படி ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

தமிழ்நாடு முழுக்க எத்தனை சலூன், எத்தனை ஓட்டல், எத்தனை துணிக்கடை! அந்த நோட்டுகள் எல்லாம் எங்கே போயின என்று நீங்கள் கேட்க வேண்டும்.

தேதி போட்டது திரும்பி வந்தது

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2020 ஏப்ரல் 2 அன்று மத்திய அரசு ஆரோக்கிய சேது செயலியைக் கொண்டுவந்தது. புளூடூத்தையும் ஜி.பி.எஸ்.ஸையும் வைத்து, யார் பக்கத்தில் யார் இருந்தார் என்று அது குறித்துக்கொள்ளும். மே 1 அன்று, அலுவலகம் போகிற எல்லோரும் அதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். பலர் கேள்வி கேட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா, இப்படிக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். மே 11 அன்று, தொடர்பு விவரங்களையும் இருப்பிட விவரங்களையும் 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று விதி எழுதினார்கள். மே 17 அன்று கட்டாயமும் தளர்ந்தது. செயலியின் தொடர்பு தேடும் வசதியை நிறுத்திவிட்டோம், திரட்டிய விவரங்களை அழித்துவிட்டோம் என்று 2023-இல் நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. அந்தப் பதில் தானாக வரவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அதனால் வந்தது.

சிங்கப்பூரிலும் இப்படி ஒரு செயலி, டிரேஸ்டுகெதர். தொற்றுத் தொடர்பைக் கண்டுபிடிக்க மட்டுமே அதைப் பயன்படுத்துவோம் என்று அமைச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குக் காவல்துறை அந்த விவரங்களை வாங்க முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. மக்கள் கொதித்தார்கள். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும்தான் தொடலாம் என்று தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. சொன்ன சொல்லைத் தாண்டி ஒரு அடி போனாலும் நம்பிக்கை எவ்வளவு சேதமாகும் என்பதை அந்தச் சின்ன நாடு நமக்குக் காட்டியது.

நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24-இல். அந்த வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்குப் போட்டபோது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. அரசு நம் விவரத்தைக் கேட்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. கேட்பதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது என்றது. எங்கள் சூப்பர்வைசர் அம்மா ஒரு வரியில் சொன்னதன் சாரம் அதில் இருக்கிறது.

பொறுப்பில்லாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2023 ஜூனில் டெலிகிராமில் ஒருவருடைய செல் நம்பரைப் போட்டால், அவர் தடுப்பூசிக்குக் கொடுத்த பெயரும் அடையாள அட்டை எண்ணும் வருவதாகச் செய்தி வந்தது. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்துக்குள் யாரும் புகவில்லை என்று அரசு மறுத்தது. எந்த வழியில் போயிருந்தாலும், ஊசிக்காகக் கொடுத்த விவரம் சந்தையில் கிடந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் வாய்க்காவது ஊர் எல்லை உண்டு; கம்ப்யூட்டரிலிருந்து கசிந்ததற்கு எல்லையே இல்லை.

வாசலில் ஒட்டிய காகிதம்

தொற்று வந்த வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சில இடங்களில் தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். கர்நாடகத்தில் 2020 மார்ச்சிலேயே, வீட்டுத் தனிமையில் இருந்தவர்களின் முகவரிப் பட்டியலை அரசே வெளியிட்டது. மணிக்கொரு செல்ஃபி அனுப்பச் சொன்னது. எச்சரிக்கை என்பது நோக்கம். நடந்தது வேறு. எங்கள் தெருவில் ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்குப் பால் போடுகிறவர் பதினான்கு நாள் முடிந்த பிறகும் வரவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் குணமாகி வந்து வாசலில் நின்றபோது, எதிரே வந்தவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போனார்கள்.

இப்படி ஸ்டிக்கர் ஒட்டுவதை எதிர்த்த வழக்கு 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. ஒட்டிய பிறகு அந்த வீட்டாரைத் தீண்டத்தகாதவர்களைப் போல நடத்துகிறார்கள் என்று நீதிபதிகளே கவலைப்பட்டார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி தனியாக உத்தரவிட்டால் தவிர ஒட்டக் கூடாது என்று டிசம்பர் 9 அன்று தீர்ப்புச் சொன்னார்கள்.

பயம் வந்தால் மனிதர் என்ன செய்வார் என்பதும் தெரிந்ததுதான். காய்ச்சலை மறைப்பார். பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு, காய்ச்சல் கணக்கெடுக்க வந்த தன்னார்வலரிடம் எல்லோரும் சௌக்கியம் என்பார். இதற்குப் பழைய பாடமும் உண்டு: 1897-இல் பூனாவில் பிளேக் பரவியபோது சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டார்கள்; பெண்கள் அவமானப்பட்டார்கள். பிளேக் கமிட்டித் தலைவர் ராண்ட் அந்த ஜூனில் சுடப்பட்டார். அதே 1897-இல் பிறந்த தொற்றுநோய்ச் சட்டம்தான் 2020-இலும் கையில் எடுக்கப்பட்டது. நம் சென்னையிலேயே இன்னொரு பாடம் இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் இந்த ஊரில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அந்த நோயாளிகளைச் சிகிச்சைக்கு வர வைத்தது, பெயர் வெளியே போகாது என்ற உறுதி. 2017-இல் அது சட்டமாகவே ஆனது. அந்தரங்கம் காக்கப்பட்டால் மக்கள் நோயைச் சொல்வார்கள். சொன்னால்தான் ஊர் பிழைக்கும். பொது நலமும் தனி மறைவும் எதிரிகள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தள்ளி நில் என்ற பேச்சுக்கு நம் மண்ணில் கொரோனாவை விட வயது அதிகம். பொதுத் தெருவில் நடக்கவும், பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும், அரசு அலுவலகத்துக்குள் போகவும் எந்தச் சாதியாருக்கும் தடை இருக்கக் கூடாது என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபையில் கொண்டுவந்தது 1924-இல். தெருவில் நடக்க ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். அதே ஆண்டு வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் தொடங்கியது. பெரியார் அங்கே போய்ச் சிறை சென்றார். பொது இடம் நமக்கு யாரோ தானமாகத் தந்ததில்லை. பாடுபட்டு வாங்கியது.

ஆகவே கிருமிக்காக விட்ட இடைவெளி எது, கிருமியைச் சாக்கு வைத்து விட்ட இடைவெளி எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் தெருவிலிருந்து அண்ணா நகர்ப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் வீட்டு வேலைக்குப் போகிற பெண் இருக்கிறாள். 2020-இல் அவளை லிஃப்டில் ஏறக் கூடாது என்றார்கள். தொற்றுக்குப் பயந்து சொன்னார்கள், சரி. முகக்கவசம் போய், தடுப்பூசி வந்து, எல்லோரும் கல்யாணத்தில் நெருக்கியடித்துச் சாப்பிடும் காலம் வந்த பிறகும், அவள் மட்டும் பின்வாசல் படியில் ஏறுகிறாள். வாசலில் செக்யூரிட்டி அவளுடைய முகத்தைப் போனில் படம் பிடிக்கிறார். வந்த நேரம், போன நேரம் வீட்டுக்காரருக்குப் போகிறது. வீட்டுக்காரர் எப்போது வந்தார், போனார் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. இது எந்த அரசு உத்தரவிலும் இல்லை. அதனால்தான் ரத்து செய்யவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. உத்தரவாக வந்தது உத்தரவாகவே போய்விடும். பழக்கமாக வந்து உட்கார்ந்ததை எழுப்புவது கஷ்டம்.

வீட்டில் இடம் இல்லாதவர்களுக்குத் தெருதான் தனிமை

வீட்டுக்குள் இருங்கள், நோய் வந்தால் தனி அறையில் இருங்கள் என்றார்கள். கண்ணகி நகரின் பழைய குடியிருப்புகளில் ஒரு வீடு இருநூறு சதுர அடிகூட இராது. எங்கள் பக்கத்துச் சந்துகளில் ஒரே அறையில் மூன்று தலைமுறை படுக்கும். தனி அறை இல்லாதவர்களைத்தான் பராமரிப்பு மையங்களுக்கு அழைத்துப் போனார்கள்; நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் வரிசையாகக் கட்டில் போட்டார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்களுக்குத் தனிமை எங்கே கிடைக்கும்? வெளியேதான். மெரினா மணலில், ராபின்சன் பூங்கா மரத்தடியில், கோயில் பிராகாரத்தில், நூலகத்தில், டீக்கடை பெஞ்சில். நூறு பேர் நடுவே உட்கார்ந்திருந்தாலும் யாரும் உன்னை விசாரிக்க மாட்டார்கள். மாமியாருக்குத் தெரியாமல் அழ வேண்டிய பெண், வேலை போனதை வீட்டில் சொல்ல முடியாத ஆண், மனசுக்குப் பிடித்தவரோடு பேச வேண்டிய இளசுகள், பிள்ளை வீட்டில் ஒண்டியிருக்கும் கிழவர் எல்லோருக்கும் கடற்கரைதான் தனி அறை. நைட் டூட்டி முடிந்து காலையில் நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி முழுக்கப் பிறர் குரலைக் கேட்ட காதுக்கு அலைச் சத்தம் தேவைப்பட்டது.

மெரினாவை 2020 மார்ச்சில் மூடினார்கள். டிசம்பர் 14 அன்றுதான் திறந்தார்கள். அந்த மாதங்களில் பெரிய வீடு இருந்தவருக்குக் காற்று வாங்கும் இடம் மட்டும் போனது. ஒற்றை அறை வீட்டுக்காரருக்குத் தனிமையே போனது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கல்லூரிப் பெண் தினமும் மாலை வந்து உட்காருவாள். போனைக் காதில் வைத்திருப்பாள். பேசுகிறாளா, சும்மா வைத்திருக்கிறாளா என்று தெரியாது. கீழே ஆறு பேர், ஒரு அறை. நான் துணி எடுக்கப் போனால் அந்தப் பக்கம் பார்க்காமல் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். இடம் கொடுக்க முடியாதபோது, பார்க்காமல் இருப்பதாவது நாம் கொடுக்கக்கூடியது.

2020 ஏப்ரலில் திருப்பூரில் போலீஸ் டிரோன் பறந்தது. மைதானத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் போர்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய காட்சிக்குச் சிரிப்புக் குரல் சேர்த்து வெளியிட்டார்கள். நாடே பார்த்துச் சிரித்தது. அவர்கள் செய்தது தப்புதான். கூடக் கூடாத நேரத்தில் கூடினார்கள். அதற்கு அபராதம் போடலாம். காலத்துக்கும் இணையத்தில் கிடக்கும்படி ஊர் சிரிக்க வைப்பது எந்தச் சட்டத்திலும் உள்ள தண்டனை இல்லை. கண்காணிப்பு முதலில் வேடிக்கையாகத்தான் வரும். அது எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த ஜூனில் சாத்தான்குளம் காட்டியது. ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் உயிரோடு வீடு திரும்பவில்லை. இடைவெளி விதி மனித உயிரைக் காப்பாற்ற வந்தது. அந்த விதியின் பெயரிலேயே இரண்டு உயிர் போனதை நீங்கள் மறக்கக் கூடாது.

பொது இடம் சுருங்கத்தான் செய்யும் என்று மனம் தளர வேண்டியதில்லை. 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலியில் அலை அருகே வரை போக நிரந்தர மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமானது, மறுபடி சரிசெய்தார்கள். பல ஆண்டுகள் கேட்டவர்கள் இருந்ததால் வந்த பாதை அது. மூடியது திறப்பதோடு நிற்காமல், முன்பு வர முடியாதவருக்கும் வழி விடும்போதுதான் அந்த இடம் உண்மையில் பொதுவாகிறது.

எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பி வாங்குவது

அந்தக் காலத்துப் பழக்கங்களில் நல்லவையும் உண்டு. சளி, காய்ச்சல் இருந்தால் முகக்கவசம் போடுங்கள். வீட்டில் பச்சைக் குழந்தையும் கிழவியும் இருக்கிறவர் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கலாம். ஏ.டி.எம்.மில் முன்னால் நிற்பவர் நம்பர் அழுத்தும்போது இரண்டடி தள்ளி நில்லுங்கள். மருந்துக்கடையில் ஒருவர் தன் நோயைச் சொல்லும்போது தோளுக்குப் பின்னால் போய் நிற்காதீர்கள். தரையில் வட்டம் போட்டுக் கற்றுக்கொடுத்த ஒழுங்கு இது. வட்டம் அழிந்த பிறகும் இருக்கட்டும்.

திருப்பி வாங்க வேண்டியவை வேறு. யாராவது உங்கள் விவரம் கேட்டால், கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள். மரியாதையாகவே கேளுங்கள், சண்டை வேண்டாம். துணிக்கடை பில்லுக்குச் செல் நம்பர் தேவையில்லை. லாட்ஜில் அடையாள அட்டை நகல் கேட்டால், எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் நகலின்மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தனிநபர் விவரங்களைக் காக்க 2023-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. அதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் குடியிருப்பில் அந்தக் காலத்தில் வந்த விதிகளைச் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்னும் எதற்கு என்று கேளுங்கள். வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு படி, நமக்கு ஒரு லிஃப்ட் என்று இருந்தால் அதை முதலில் எடுங்கள். தெரியாத ஒருவரைப் போனில் படம் பிடித்துப் போடுவதற்கு முன், அவரிடம் கேட்டோமா என்று யோசியுங்கள். அவருடைய முகமும் உங்கள் வழியாகப் போகிற பிறருடைய விஷயம்தான்.

கடற்கரைக்கும் பூங்காவுக்கும் நூலகத்துக்கும் போங்கள். போகிறவர் குறைந்தால் அந்த இடத்தை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்வது சுலபம். அங்கே தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணையும் ஜோடியையும் கிழவரையும் அவர்கள் பாட்டுக்கு விடுங்கள்.

இன்னொரு தொற்று என்றாவது வரும். அன்று நாங்கள் இருக்க மாட்டோம். சங்கத்துச் செயலாளராக, சுகாதார ஆய்வாளராக, கடை முதலாளியாக, கலெக்டராக நீங்கள்தான் இருப்பீர்கள். கதவை மூடுங்கள், பெயரை எழுதுங்கள், தள்ளி நில்லுங்கள் என்று நீங்கள் மக்களைக் கேட்க வேண்டிவரும். தயங்காமல் கேளுங்கள், உயிரைக் காக்க வேண்டியது உங்கள் கடமை. ஆனால் அந்த உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அது எந்தத் தேதியில் முடியும் என்பதையும், வாங்கியதை யார் எப்படித் திருப்பித் தருவார் என்பதையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.